குழந்தைக்கு பாஸ்போர்ட் எடுக்கப் போறீங்களா? முதலில் இனிஷியலைக் கவனிங்க!

பொங்கல் லீவுக்கு துபாய் டூர். நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு குடும்பம் இப்படித் திட்டமிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மாவிடம் பாஸ்போர்ட் இருக்கிறது. இரண்டு வயது மகளுக்குத்தான் எடுக்கணும். சின்னக் குழந்தைதானே, என்ன கஷ்டம்? விண்ணப்பிப்பது எளிதுதான். சிக்கல் வருவது பெயரில்.

இனிஷியலில் என்ன பிரச்னை?

பாஸ்போர்ட் படிவத்தில் பெயருக்கு ஒரு கட்டம், சர்நேமுக்கு ஒரு கட்டம். இனிஷியலை அப்படியே போட முடியாது; விரித்துத்தான் எழுதணும். நம்ம ஊரில் குடும்பப் பெயர் வழக்கம் குறைவு என்பதால், பலர் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள்.

2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு சுற்றுலா, விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தது. பிறகு, இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருப்பவர்களுக்குத் தளர்வு தந்தது. இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால், அப்பா அல்லது அம்மாவின் பெயரை சர்நேமாகக் கொடுத்துவிடலாம். விமான டிக்கெட்டிலும் பெயர் அதேபோல இருக்கணும்.

பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்கா?

2025 பிப்ரவரியில் திருத்தப்பட்ட விதிப்படி, 2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு, பிறந்த தேதிக்கான ஒரே ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். அதில் குழந்தையின் பெயர் ஏறாமலே இருக்கலாம். பிறந்த 12 மாதங்களுக்குள் இலவசமாகச் சேர்க்கலாம். அதன் பிறகு தாமதக் கட்டணம் உண்டு. பெற்றோர் பெயரின் எழுத்துகளும் அவர்களின் பாஸ்போர்ட்டோடு பொருந்துதா என்று பாருங்க.

என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

• பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் பாஸ்போர்ட் அசலும் நகலும்.

• இருவரும் கையெழுத்திட்ட 'அனெக்சர் டி' உறுதிமொழி. ஒருவரின் சம்மதம் பெற முடியாத நிலை என்றால் 'அனெக்சர் சி'.

• முகவரிச் சான்று. குவார்ட்டர்ஸ் மாறி, பெற்றோர் பாஸ்போர்ட்டில் பழைய வட்டத்தின் முகவரியே இருந்தால், தற்போதைய முகவரிக்கான ஆதாரமும் தேவைப்படும்.

• 4 வயதுக்குக் குறைவு என்றால் வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோ.

எங்கே, எவ்வளவு?

'பாஸ்போர்ட் சேவா' தளத்தில் விண்ணப்பித்து, பணம் கட்டி, அப்பாயின்ட்மென்ட் எடுக்கணும். நெய்வேலிக்காரர்களுக்குப் பக்கம் கடலூரில் உள்ள அஞ்சலக பாஸ்போர்ட் சேவை மையம். புதுச்சேரியிலும் மையம் உண்டு. குழந்தை கட்டாயம் நேரில் வரணும்.

கட்டணம் 1,000 ரூபாய். 8 வயதுக்குட்பட்டவர்களின் புதிய பாஸ்போர்ட்டுக்கு 10% சலுகை போக 900 ரூபாய். தத்கல் என்றால் கூடுதலாக 2,000 ரூபாய். பெற்றோர் இருவரிடமும் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருந்தால், பெரும்பாலும் போலீஸ் வெரிஃபிகேஷன் இருக்காது.

அஞ்சு வருஷம்தான்!

பெரியவர்களின் பாஸ்போர்ட் 10 ஆண்டு செல்லும். குழந்தைக்கு 5 ஆண்டுதான். பல நாடுகள் குறைந்தது 6 மாத வேலிடிட்டி கேட்பதால், நடைமுறையில் நாலரை வருஷம் என்றே கணக்கு வைங்க. அடுத்த டூருக்கு டிக்கெட் போடும் முன், அப்பா அம்மா பாஸ்போர்ட்டை அல்ல, குழந்தையுடையதை முதலில் எடுத்துப் பாருங்க.