குடியரசுத் தலைவர் தேர்தலில் நமது பங்கு

கூட்டுறவுச் சங்கத்தில் பங்குத்தொகை எவ்வளவாயினும் அங்கத்தினர் ஒருவருக்கு ஒரு வாக்கே. இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலிலோ முறை வேறு. அங்கே நாம் நேரே வாக்களிப்பதில்லை. நாம் தேர்ந்தெடுத்த சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களே வாக்களிக்கின்றனர். நியமன உறுப்பினர்க்கு அவ்வுரிமை இல்லை.

சட்டமன்ற உறுப்பினரின் வாக்கு மாநிலத்துக்கு மாநிலம் மதிப்பில் மாறும். 1971ஆம் ஆண்டுக் கணக்கின்படியுள்ள மக்கள்தொகையை உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, ஈவை ஆயிரத்தால் வகுத்தால் அம்மதிப்பு கிடைக்கும். தமிழ்நாட்டில் மக்கள் 4,11,99,168, உறுப்பினர் 234, ஆகவே மதிப்பு 176. 2022ஆம் ஆண்டுத் தேர்தலில் உத்தரப் பிரதேசத்துக்கு 208, சிக்கிமுக்கு 7.

ஒரு நாள் கூலி போகுமென்று சட்டமன்றத் தேர்தலன்று தறியைவிட்டு எழாதவர், குடியரசுத் தலைவரைத் தேர்வதிலும் தம் பங்கை இழக்கின்றார். ஆதலின், அன்று தறியும் ஏரும் சற்றே ஓய்ந்திருக்கட்டும் என அங்கத்தினர்களை வேண்டுகின்றோம்.