தனியுண்ணாப் பூபாலன்: திருகோணமலை வன்னிமையின் கதை

இராசபுத்தானத்தின் தென்கிழக்கே, ஆரவல்லிக் குன்றுகளின் மடியிலே பூந்தி என்றொரு சிறு சமஸ்தானம் இருந்தது. சௌகான் குலத்தின் கிளையினரான ஹாடர்கள் 14ஆம் நூற்றாண்டில் நிறுவிய அவ்வரசு, 1948ஆம் ஆண்டில் இராசத்தான் ஒன்றியத்துடன் இணையும் வரை ஏறத்தாழ 600 ஆண்டுகள் நிலைத்தது. சிறிய அரசாயினும் அதன் புகழ் பெரிது. காரணம், அந்நாட்டு அவைப்புலவர்கள் தம் மன்னர்களின் வழிமுறையைத் தந்தை, மகன், பெயரன் என்று அறுபடாது பாடி வைத்தனர். சூரியமல் மிசிரண் என்னும் புலவர் இயற்றிய ‘வம்ச பாஸ்கர்’ அத்தகைய பெருநூலாகும். ஆங்கில அதிகாரியான ஜேம்ஸ் டாட் 1829இலும் 1832இலும் வெளியிட்ட இரு தொகுதிகள் அக்கதைகளை உலகறியச் செய்தன. நம் மாணவர்களும் இராசபுத்திர வீரர்களின் பெயர்களைப் பள்ளியிலே படித்து வியக்கின்றனர்.

சௌகான்கள் தம்மை அக்கினி குலத்தவர் என்பர். ஆபு மலையில் முனிவர் வளர்த்த வேள்வித்தீயினின்று தம் முதல்வன் தோன்றினான் என்பது அவர்களுடைய ஐதிகம். இதனைப் படிக்கும்போது தமிழருக்கு மற்றொரு நினைவு எழாமற் போகாது. தமிழகத்து வன்னியரும் சம்பு முனிவரின் வேள்வித்தீயில் பிறந்த வீரனைத் தம் முன்னோனாகக் கொள்வர். ‘வஹ்னி’ என்னும் வடசொல்லுக்கு நெருப்பு என்பது பொருள். ‘வனம்’ என்ற சொல்லினின்று வன்னி பிறந்தது என்று கூறும் அறிஞரும் உளர். எவ்வாறாயினும், ஈழத்திலே வன்னியர் என்பது சாதிப்பெயராக நில்லாது, காடும் குளமும் வயலும் நிறைந்த சீமைகளை ஆண்ட குறுநில மன்னரின் பட்டப்பெயராயிற்று. அவர்தம் ஆட்சிப்பரப்பு ‘வன்னிமை’ எனப்பட்டது. அத்தகைய வன்னிமையொன்று நம் திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்தே இருந்தது என்பதை எத்தனை பேர் அறிவர்?

நான்கு பற்றுகள்

வன்னிச் சிற்றரசுகள் தலையெடுத்த காலம் 13ஆம் நூற்றாண்டாகும். 1215ஆம் ஆண்டளவில் மாகன் படையெடுத்துப் பொலன்னறுவையைக் கைப்பற்றினான். அதன்பின் பழைய இராசரட்டை சிதைந்தது. பெருங்குளங்கள் பேணுவாரற்றுப் போயின. வடக்கே யாழ்ப்பாண அரசும் தெற்கே சிங்கள அரசுகளும் வலுப்பெற, இடைப்பட்ட நிலத்தை வன்னித்தலைவர்கள் ஆண்டனர். இக்காலத்து வன்னியரைப் பற்றிச் சூளவமிசமும் பேசுகின்றது.

திருகோணமலை வன்னிமை நான்கு பிரிவுகளைக் கொண்டது. துறைமுகமும் கோணமாமலையும் அடங்கிய திருகோணமலைப்பற்று ஒன்று. வடக்கே கடலோரமாகவும் காட்டோரமாகவும் நீண்டு கிடந்த கட்டுக்குளப்பற்று ஒன்று. கந்தளாய்க் குளத்து நீர் பாயும் நெல்வயல்களையுடைய தம்பலகாமப்பற்று மற்றொன்று. குடாவின் தென்கரையில், மகாவலி கடலோடு கலக்கும் வளநிலமாகிய கொட்டியாரப்பற்று நான்காவது. துறைமுகத்திற்கு வேண்டிய நெல்லும் ஆளும் இப்பற்றுகளிலிருந்தே வந்தமையால், துறைமுகத்தை விரும்பிய ஒவ்வோர் அரசும் இவ்வன்னியரின் தயவை நாட வேண்டியிருந்தது.

கடமைகளின் நிரல்

இவ்வன்னிமையின் தோற்றத்தைக் கூறும் நூல் ‘கோணேசர் கல்வெட்டு’ ஆகும். பெயர் கல்வெட்டாயினும் இது கல்லில் வெட்டப்பட்டதன்று. செய்யுளும் உரைநடையும் கலந்த ஏட்டு நூல். கவிராசவரோதயன் பாடியதாக வழங்குவது. சோழ குலத்தவனான குளக்கோட்டன் கோணேசர் கோயிலைத் திருப்பணி செய்தான். கந்தளாயில் குளம் அமைத்தான். மருங்கூரிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் குடிகளை வரவழைத்துத் தானத்தார், வரிப்பத்தார் எனக் கோயிற் பணிகளில் அமர்த்தினான் என்று அந்நூல் கூறும்.

இக்குடிகளுக்குள் பிணக்கு நேர்ந்தால் தீர்ப்பவர் யார்? குளக்கோட்டன் மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலன் என்பானை அழைப்பித்து, நீதி செலுத்தும் வன்னிபமாக அமர்த்தினான் என்பது அந்நூல் தரும் விடை. அவன் வழியினரே திருகோணமலை வன்னிபங்கள் என்பது மரபு.

இங்கேதான் பூந்தியின் புலவருக்கும் நம்மூர்ப் புலவருக்கும் உள்ள வேறுபாட்டைக் காண்கிறோம். அங்கே அரசர்களின் பெயர்கள் நிரல்படுத்தப்பட்டன. இங்கே நிரல்படுத்தப்பட்டவை கடமைகள். விளக்கேற்றுவது யார் பணி, பூத்தொடுப்பது யார் பணி, நெல் அளப்பது யார் பணி, வழக்குத் தீர்ப்பது யார் பணி என்று வகுப்பதிலேதான் கோணேசர் கல்வெட்டின் கவனமெல்லாம் செல்கின்றது. வன்னிபமும் அந்நிரலில் ஒருவர். அவர் உச்சியில் இருப்பவராயினும் கடமையற்றவர் அல்லர்.

அவருக்கு வாய்த்த பெயரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சொல்லைப் பிரித்து நோக்கின், தனியாக உண்ணாத அரசன் என்பது பொருளாகின்றது. பிறர்க்கு ஈயாது தனித்து உண்ணாமையை உயர்ந்தோர் இயல்பாகப் புறநானூற்றிலே போற்றியவனும் ஒரு பாண்டியனே. கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி என்பது அவன் பெயர். மதுரையிலிருந்து வந்த பூபாலனுக்கு இப்பெயர் அமைந்தது எத்துணைப் பொருத்தம்! வயலும் குளமும் கோயிலும் பலர்க்கும் பொதுவான நாட்டிலே, அரசனுக்கு வேண்டிய முதற்பண்பு இதுவன்றோ?

கல் கூறும் சான்று

இவையெல்லாம் கதைதானோ என்று ஐயுறுவோர் பிரடெரிக் கோட்டை வாயிலிலே சற்று நிற்றல் வேண்டும். அங்குள்ள கல்லிலே இரட்டை மீன் பொறித்திருக்கக் காணலாம். அருகே குளக்கோட்டன் பெயரைக் கூறும் தமிழ்ச் சாசனமும் சிதைந்த நிலையில் உளது. மீன் பாண்டியரின் இலச்சினை. 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சடையவர்மன் வீரபாண்டியன் கோணமலையிலே தன் கயற்பொறியை நாட்டியதாகக் குடுமியான்மலைச் சாசனம் கூறுகின்றது. இதே கோட்டையில் கிடைத்த வடமொழிச் சாசனமொன்று, சக ஆண்டு 1145இல், அதாவது கி.பி. 1223இல், சோடகங்கதேவன் என்பான் இங்கு வந்தமையைக் குறிக்கின்றது. குளக்கோட்டன் இவனே என்று கருதும் ஆய்வாளர் பலர்.

ஏட்டுநூல் கூறும் அனைத்தையும் அவ்வாறே கொள்ளுதல் இயலாது. கந்தளாய்க் குளத்தையே எடுத்துக்கொள்வோம். அதனைக் குளக்கோட்டனின் ஆக்கமாக நம் மரபு கூற, சூளவமிசமோ அவனுக்குப் பல நூற்றாண்டு முந்திய இரண்டாம் அக்கபோதி மன்னனின் பெயரோடு சேர்க்கின்றது. குளத்தை வெட்டியவன் ஒருவனாகவும் திருத்தியவன் மற்றொருவனாகவும் இருத்தல் கூடும். கட்டுவோர் ஒரு முறை கட்டுவர். காப்போர் ஆண்டுதோறும் காக்க வேண்டும். வன்னிபங்களின் பெருமை காத்தலிலேதான் இருந்தது.

எட்டு வயது இளவரசன்

16ஆம் நூற்றாண்டிலே, யாழ்ப்பாணத்தில் முதலாம் சங்கிலி ஆண்ட காலத்தில், இவ்வன்னிமைக்கு ஒரு சோதனை நேர்ந்தது. 1551ஆம் ஆண்டளவில் திருகோணமலை வன்னியர் இறந்தார். உரிமை மகனுக்கு வயது எட்டு. பிள்ளையின் உரிமை பறிபோகவே, காப்பாளர் அவனை அழைத்துக்கொண்டு கடல் கடந்து, முத்துக்குளித்துறையிலே போர்த்துக்கேயரின் ஆதரவை நாடினார். அங்கே சிறுவனுக்கு அல்போன்சோ என்ற பெயரில் ஞானஸ்நானம் நடந்தது. செய்வித்தவர் என்றீக்கே என்றீக்கஸ் பாதிரியார். பின்னர் 1578இல் கொல்லத்தில் தமிழெழுத்தால் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ நூலைத் தந்தவரும் இவரே. பரவர் துணையோடு அரசை மீட்க முயன்றனர், கைகூடவில்லை.

பெரியோரின் போட்டியிலே ஒரு சிறுபிள்ளை ஊரையும் பெயரையும் சமயத்தையும் ஒருங்கே மாற்றிக்கொள்ள நேர்ந்தது. துறைமுகம் என்னும் செல்வத்தைத் தனியே உண்ண விரும்பிய வல்லரசுகளின் நிழல் வன்னிமையின் மேல் வீழ்ந்தமைக்கு இதுவே முதல் அறிகுறி எனலாம்.

கோயில் இடிந்த பின்

1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது. 1622இல் கொன்ஸ்தந்தீனு டி சா என்னும் போர்த்துக்கேயத் தளபதி கோணேசர் கோயிலை இடித்தான். அதன் கற்களைக் கொண்டே மலையடியில் கோட்டை எழுந்தது. அடியார்கள் சில திருவுருவங்களை மண்ணிலே புதைத்தனர். சிலவற்றை உள்நாட்டிற்குக் கொண்டு சென்றனர். தம்பலகாமத்திலே ஆதி கோணநாயகர் கோயில் எழுந்தது. வன்னிமையின் இதயம் கடற்கரையை விட்டு வயற்கரைக்குப் பெயர்ந்தது எனலாம். புதையுண்ட திருவுருவங்கள் சில, 1950ஆம் ஆண்டில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்டன. 1963இல் கோணமலையிலே புதிய கோயிலுக்குக் குடமுழுக்கும் நடந்தது.

கொட்டியாரத்து வன்னியர் இக்காலத்தில் கண்டி அரசரைச் சார்ந்து நின்றனர். செனரத மன்னனின் அவையிலே கொட்டியாரத்து அரசரும் இடம்பெற்றமையைப் பால்தேயுஸ் பாதிரியாரின் நூலால் அறிகிறோம். 1660இல் கொட்டியாரக் குடாவிலே கரையிறங்கிய ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ் கண்டி அரசனின் ஆட்களாற் பிடிபட்டார். 19 ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்து தப்பியபின் அவர் 1681இல் வெளியிட்ட நூலிலே, வடக்கே ஆண்ட கைலை வன்னியனின் நாட்டையும் குறிப்பிடுகின்றார். கண்டிக்கும் ஒல்லாந்தருக்கும் இடையே வன்னியர் எவ்வாறு காலூன்றி நின்றனர் என்பதற்கு அது நேரிற் கண்டவர் தரும் சான்றாகும்.

1786இல் திருகோணமலையின் ஒல்லாந்த அதிகாரியாக இருந்த வான் சென்டன், நெல் விளைச்சலைப் பெருக்கும் நோக்கத்தோடு இப்பற்றுகளைச் சுற்றி வந்து நாட்குறிப்பு எழுதினார். கொட்டியாரப்பற்றிலே கங்குவேலி என்னும் ஊரில் அவர் ஒரு தமிழ்க் கல்வெட்டைக் கண்டார். வன்னியனாரும் ஏழூர் அடப்பர்மாரும் சேர்ந்து கோணைநாதருக்கு நிலம் வழங்கியதை அது கூறுகின்றது. வன்னியனார் தாமாகக் கொடுத்தார் என்று அக்கல் கூறவில்லை. ஊர்த்தலைவர்களோடு கூடிக் கொடுத்தார் என்றே கூறுகின்றது. ஏடு தந்த பெயரின் பொருளைக் கல் மெய்ப்பிக்கின்றது!

அரசு பதவியாயிற்று

1795இல் ஆங்கிலேயர் திருகோணமலையைக் கைப்பற்றினர். வன்னிநாட்டிலே பண்டாரவன்னியன் 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி, அவ்வாண்டின் இறுதியிலே கற்சிலைமடுவில் தோல்வியுற்றான். திருகோணமலையிலோ வன்னிமை வாளால் முடியவில்லை, எழுதுகோலால் முடிந்தது. வன்னியர் என்ற பெயர் கிழக்கு மாகாணத்திலே அரசாங்கம் நியமிக்கும் தலைமைக்காரரின் பதவிப்பெயராகச் சுருங்கியது. ஊராரோடு கூடியிருந்து தீர்ப்பளித்தவரின் இருக்கையில், மேலிடத்து ஆணையை நிறைவேற்றுபவர் அமர்ந்தார். 1938 முதல் அப்பதவியும் படிப்படியாக ஒழிந்து, காரியாதிகாரிகள் வந்தனர். இன்று பிரதேச செயலகங்கள் அப்பணியைச் செய்கின்றன.

ஆயினும் அனைத்தும் மறைந்துவிடவில்லை. கட்டுக்குளப்பற்று, தம்பலகாமப்பற்று, கொட்டியாரப்பற்று என்னும் பெயர்கள் பெரியோர் வாயிலும் பழைய உறுதிகளிலும் வழங்குகின்றன. ஆதி கோணநாயகர் கோயிலிலே பரம்பரைத் தொழும்புமுறை நினைவில் நிற்கின்றது. கந்தளாய்க் குளத்து நீர் யாருடைய பெயரையும் கேளாது வயல்களுக்குப் பாய்கின்றது.

திருகோணமலைப் பிள்ளைகள் பிரடெரிக் கோமகனின் பெயரைக் கோட்டையிலே படிக்கின்றனர். அவனோ இத்துறைமுகத்தைக் கண்ணாலும் கண்டதில்லை. கோணேசரை வழிபடச் செல்லும் பெற்றோர், அக்கோட்டை வாயிலிலே பிள்ளையின் கையைப் பிடித்துச் சற்று நிறுத்தி, அந்த இரட்டை மீனைக் காட்டுக. மதுரையிலிருந்து வந்த ஒருவனின் கதையைச் சொல்லுக. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வேடரும் ஒரே குளத்து நீரை நம்பி வாழும் மாவட்டம் இது. பூந்தி அரசர்களைப் போல நம் வன்னிபங்களின் பெயர்களை வரிசையாக ஒப்பிக்கப் பிள்ளைகளுக்கு இயலாதிருக்கலாம். ஒரு பெயரை அவர்கள் அறிந்தால் போதும். அதன் பொருளையும் அறிந்தால் இன்னும் நன்று.