வளரும் பிள்ளையின் காலை ஆகாரம்

ஆரணிக்கும் வந்தவாசிக்கும் இடையே அமைந்துள்ள பெரணமல்லூரைப் போன்ற நெசவூர்களில், விடியற்காலை என்பது தறிக்கும் அடுப்புக்கும் ஒரே சமயத்தில் உரிய பொழுது. பகல் வெளிச்சம் வீணாவதற்குள் குழித்தறியில் இறங்கிவிட வேண்டுமென்று தகப்பனார் அவசரப்படுவார். தார் சுற்றுவதும் பாவு பிணைக்கக் கைகொடுப்பதும் சமையலுமாகப் பல காரியங்களைத் தாயார் ஏககாலத்தில் கவனிப்பார். இவ்விருவருக்கும் நடுவே, சீருடை அணிந்து, பஸ் வரும் நேரத்தை எண்ணிக்கொண்டு நிற்கும் 14, 15 வயதுப் பிள்ளை, தட்டில் வைத்த இட்லியைக் கண்ட மாத்திரத்தில் முகம் சுளித்து, "வேணாம்மா, குமட்டுது" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டுவிடும்.

இதைப் பிடிவாதம் என்று தகப்பனார் கண்டிப்பதும், இரவெல்லாம் கைப்பேசி பார்த்ததன் பலன் என்று பாட்டி தீர்ப்புச் சொல்வதும், இரண்டு வாயாவது ஊட்டிவிட வேண்டுமென்று தாயார் தெருமுனை வரை தொடர்வதும் பட்டணத்திலும் உண்டு, கிராமத்திலும் உண்டு. ஆனால் அந்தக் குமட்டல் பெரும்பாலும் மெய்யானது. அதற்குச் சரீர சம்பந்தமான காரணங்கள் இருக்கின்றன. அவற்றை அறிந்துகொண்டு, ஆகாரத்தின் அளவையும் பக்குவத்தையும் நேரத்தையும் சற்றே மாற்றி அமைத்தால், வற்புறுத்தல் இல்லாமலேயே பிள்ளையின் வயிற்றில் காலையில் ஏதேனும் சேரும் என்பதுதான் இக்கட்டுரை சொல்ல வருவது.

ஐந்தாம் வகுப்புக்குப் பின்

பள்ளிப் பிள்ளைகளின் பசியைப் பற்றிச் சிந்திப்பதில் நம் மாநிலம் நாட்டுக்கு வழிகாட்டி. நீதிக்கட்சியின் சர் பிட்டி தியாகராயர் காலத்தில், 1920-ல், சென்னை ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய இலவச உணவு, காமராஜரின் ஆட்சியில் 1956-ல் மதிய உணவுத் திட்டமாகி, எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 ஜூலை 1-ல் சத்துணவுத் திட்டமாக விரிந்து, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமாகவும் கிளைத்தது. முதலில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நடைபெற்ற அத்திட்டம், 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று எளிதில் ஜீரணமாகும் பண்டங்களையே பெரும்பாலும் கொண்ட அதன் உணவுப் பட்டியல், வேலைக்குச் செல்லும் பெற்றோரின் காலைச் சுமையைப் பெரிதும் குறைத்தது.

எனினும் அது தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்காக, அதாவது ஐந்தாம் வகுப்பு வரையில் படிப்போருக்காக, வகுக்கப்பட்ட திட்டம். 1984-ல் 15 வயது வரை நீட்டிக்கப்பட்ட மதியச் சத்துணவும் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. எலும்பும் தசையும் அதிவேகமாக வளர்கிற, பெண் பிள்ளைகள் பூப்பெய்தி இரும்புச் சத்தை மாதந்தோறும் இழக்கத் தொடங்குகிற, பாடச் சுமையும் பரீட்சைப் பயமும் ஒருங்கே ஏறுகிற அந்தப் பருவத்தில்தான் காலை ஆகாரம் வீட்டாரின் தனிப்பொறுப்பாகிறது. அந்தப் பருவத்தில்தான் பிள்ளை அதை மறுக்கவும் தொடங்குகிறது.

வயிறு ஏன் மறுக்கிறது?

முதற்காரணம் உறக்கம். பருவ வயதில், தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்னும் சுரப்பு இரவில் முன்னைவிடத் தாமதமாகவே ஊறத் தொடங்குவதால், பத்து மணிக்கு விளக்கை அணைத்தாலும் பிள்ளைக்குத் தூக்கம் வருவதில்லை. 13 முதல் 18 வயது வரையில் நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்கிறது வைத்திய சாஸ்திரம்; பதினொன்றரைக்குப் படுத்துச் சிறப்பு வகுப்புக்காக ஐந்து மணிக்கு எழுப்பப்படும் பிள்ளைக்கு அதில் பாதிக்குச் சற்றே கூடுதலாகத்தான் கிடைக்கிறது. கண் விழித்தாலும் குடல் விழிக்காத அந்த வேளையில் நெய் மணக்கும் பொங்கலை எதிரே வைத்தால் பசி எப்படி எழும்?

இரண்டாவது, முந்தைய இரவின் ஆகாரம். நெசவு வீட்டிலும் கடை வைத்திருப்போர் வீட்டிலும் இரவுச் சாப்பாடு ஒன்பதரை, பத்து மணிக்குத் தள்ளிப்போவது வழக்கம். எண்ணெயும் கொழுப்பும் மிகுந்த பண்டம் இரைப்பையை விட்டு இறங்க வெகுநேரம் பிடிக்கும். பரோட்டாவும் சால்னாவும் உண்ட கையோடு படுத்தால், புளித்த நீர் மேலேறி, காலையில் நெஞ்செரிச்சலாகவும் ஏப்பமாகவும் வெளிப்படும். மூன்றாவது, மனக்கலக்கம். கணக்குப் பரீட்சையும் ஆசிரியரின் கண்டிப்பும் நினைவுக்கு வரும்போது, மூளையின் கலக்கம் நரம்பின் வழியாக வயிற்றை எட்டி, அதன் இயக்கத்தை மந்தப்படுத்துகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு தட்டு உண்ணும் பிள்ளை திங்கட்கிழமை ஒரு வாயும் உண்ணாதிருப்பதன் ரகசியம் இதுவே. மலச்சிக்கலும் குமட்டலுக்கு ஒரு முக்கிய ஹேது; பள்ளிக் கழிப்பறையை வெறுத்து அடக்கிக்கொள்ளும் பிள்ளைகள் அநேகர் என்பதால், இதைப் பெற்றோர் கூச்சமின்றி விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெறும் வயிற்றில் கொடுக்கும் பாலையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கும் திறன், குழந்தைப் பருவம் கடந்ததும் நம் நாட்டாரில் பலருக்குக் குறைந்துவிடுகிறது. சத்துக்காகவென்று ஒரு பெரிய தம்ளர் பாலைக் கொடுத்துவிட்டு, வயிறு உப்பிப் புரட்டுகிறதே என்று வருந்துவதில் பயனில்லை. அதே பால் தயிராக உறைந்து மோராகக் கடையப்பட்டால், அச்சர்க்கரையின் ஒரு பங்கு முன்பே நொதித்துக் கரைந்துவிடுவதால், பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்கிறது.

சிறிதாக, இளஞ்சூடாக, இரண்டு தவணையாக

ஆகாரத்தின் பெயரைவிட அதைக் கொடுக்கும் முறையே இங்கு முக்கியம். எழுந்தவுடன் அரைத் தம்ளர் வெதுவெதுப்பான நீர். குளித்து உடுத்தி, குறைந்தது அரைமணி சென்றபின் நாலைந்து வாய் மட்டும். மீதியை டிபன் பெட்டியில் வைத்து, முற்பகல் இடைவேளையில் உண்ணும்படி அனுப்புதல். இப்படி இரண்டு தவணையாகப் பகுத்துக்கொண்டால், காலை ஆகாரம் என்பது ஏழரை மணிக்குள் முடிந்தாக வேண்டிய பரீட்சையாக இராமல், பிள்ளைக்கு இணக்கமான காரியமாகிறது. பொங்கும் சூட்டில் எழும் மணமே சிலருக்குக் குமட்டலைத் தூண்டும் என்பதால், ஆறவைத்துக் கொடுப்பது நலம்.

முதல் மரியாதை கஞ்சிக்கே உரியது. ஆரணிச் சீமை பட்டுக்கு மட்டுமன்றி அரிசி ஆலைகளுக்கும் பேர்பெற்றது. அரிசி அரைபடும் ஊரில் நொய்க்குப் பஞ்சமில்லை. ஒரு பங்கு நொய்யுடன் கால் பங்கு வறுத்த பாசிப்பருப்பு, எட்டுப் பங்கு நீர், ஒரு சிட்டிகை சீரகம் சேர்த்துக் குழைய வேகவைத்து, உப்பிட்டு, மத்தால் மசித்து, ஆறியபின் சிறிது மோர் விட்டுத் தம்ளரில் கொடுத்தால், மென்று விழுங்கும் பிரயாசைகூட இல்லாமல் நின்றபடியே குடித்துவிடலாம். கஞ்சியை ஏழையின் உணவு என்றோ நோயாளியின் உணவு என்றோ தாழ்த்திப் பேசுவது அறியாமை. ஜப்பானியர் புத்தாண்டு விருந்துகளால் களைத்த வயிற்றுக்கு ஓய்வளிக்க, ஜனவரி 7-ஆம் நாளில் ஏழு கீரைகள் இட்ட கஞ்சியைச் சம்பிரதாயமாகவே உண்கிறார்கள். 1971-ல் வங்க அகதி முகாமில் காலராவினால் துவண்டவர்களை உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொண்டே டாக்டர் திலீப் மகலனாபிஸ் காப்பாற்றிய பிறகு, டாக்கா விஞ்ஞானிகள் அந்தச் சர்க்கரைக்குப் பதிலாக அரிசிமாவை இட்டுப் பரிசோதித்து, அதுவும் வயிற்றுக்கு இசைந்த மருந்தாகும் என்று நிரூபித்தார்கள்.

அடுத்தது கேழ்வரகு. ஆடி மாதத்தில் அம்மனுக்கு ஊற்றும் கூழை ஆண்டு முழுவதும் வீட்டில் ஊற்றிக்கொள்வதற்குத் தடையொன்றும் இல்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருப்பதால், பால் ஒவ்வாத வளரும் பிள்ளைக்கு இதைவிட உசிதமான தானியம் வேறில்லை. முளைகட்டி உலர்த்தி அரைத்த மாவு இலகுவில் செரிக்கும். கெட்டியான கூழாக அன்றி, தெளிவான கஞ்சியாகக் காய்ச்சி, மோரும் உப்பும் சேர்ப்பது காலைக்கு ஏற்றது. பச்சை வெங்காயத்தையும் மோர்மிளகாயையும் மற்றவர்கள் கடித்துக்கொள்ளட்டும்.

இட்லியை எல்லோரும் அறிவர். ஆனால் அதிலும் பக்குவம் உண்டு. ஆவியில் வெந்து எண்ணெய் தொடாதது, இரவு முழுதும் புளித்ததனால் உளுந்தின் கடினம் தணிந்தது என்ற இரு குணங்களால் அது வயிற்றுக்கு நண்பன். அதே மாவு மூன்றாம் நாள் அளவுக்கு மீறிப் புளித்தபின் வார்த்த இட்லியும், அதன்மேல் தடவிய மிளகாய்ப்பொடியும் பகையாகிவிடும். புது மாவில் வார்த்த ஒரு சிறிய இட்லியைக் காரமற்ற பாசிப்பருப்புச் சாம்பாரில் நனைத்துக் கொடுத்தால் போதும். மாற்றாக இடியாப்பத்தில் சிறிது தேங்காய்த் துருவலும் வெல்லமும் தூவலாம். ஊறவைத்த அவலில் மோர் பிசையலாம். நன்கு கனிந்த ஒரு பூவன் பழம் கொடுக்கலாம். பழைய சோற்றையும் நீராகாரத்தையும் மறந்துவிடக் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் வைத்தியர்கள் குடல் நோயாளிகளுக்காக அதை ஆராய்ச்சிக்கே எடுத்துக்கொண்டார்கள். எழுந்தவுடனே வாந்தி வருவதுபோல் உணரும் பிள்ளைக்கு, படுக்கையிலேயே ஒரு கைப்பிடி பொரி கொடுத்துப் பத்து நிமிஷம் சாய்ந்திருக்கச் செய்வது, மசக்கைக்காரிகளுக்கு நம் பாட்டிமார் சொன்ன அதே உபாயம். சுக்குக்கும் இஞ்சிக்கும் குமட்டலைத் தணிக்கும் குணம் உண்டென்பதை நவீன ஆய்வுகளும் ஒப்புக்கொள்கின்றன. மல்லி கூடுதலாகவும் சுக்குக் குறைவாகவும் இட்ட இளஞ்சூட்டுச் சுக்குமல்லிக் காபி ஒரு சிறு தம்ளர் அளவோடு நின்றால் நன்மையே செய்யும்.

விலக்க வேண்டியவை சொற்பமே. வெறும் வயிற்றில் டீயும் காபியும், பூரியும் வடையும், இரவு மிஞ்சிய புளிக்குழம்பும், நெய்யும் மிளகும் தாராளமாக இட்ட பொங்கலும் காலையில் வேண்டாம். மாலையில் பள்ளி விட்டு வந்தபின் அவற்றில் எதையும் மகிழ்ச்சியோடு உண்ணட்டும். இரவுச் சாப்பாட்டைப் பிள்ளைக்கு மட்டுமாவது எட்டு மணிக்குள் முடித்துவிட்டால், காலைப் பசி தானாகவே திரும்பும்.

மாத்திரையும் வைத்தியரும்

பள்ளிகளில் வாரத்துக்கு ஒருமுறை வழங்கும் இரும்புச் சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டல் வருவது சகஜம். இதற்கு அஞ்சி அதை ரகசியமாக எறிந்துவிடும் மாணவிகள் உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் ரத்தசோகை உள்ளவர்கள் என்னும்போது, அந்த மாத்திரை எறியத்தக்கதன்று. மதிய உணவுக்குப் பின் விழுங்கத்தக்கது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் 19 வயது வரையுள்ளோருக்கு வழங்கும் குடற்புழு நீக்க மாத்திரையையும் தவறவிடக் கூடாது.

வீட்டுப் பக்குவத்துக்கு அடங்காத சில அடையாளங்களும் உள. எடை குறைதல், அடிக்கடி வாந்தி, வாந்தியிலோ மலத்திலோ ரத்தம், மலம் கறுத்துப் போதல், விழுங்குவதில் சிரமம், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வயிற்றுவலி, விடாத ஜுரம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் கஷாயம் வைத்துக் காலம் கடத்தாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். உடல் பருத்துவிடும் என்னும் அச்சத்தால் உணவைத் தவிர்க்கும் பிள்ளையும், பள்ளி என்ற பேச்செடுத்தாலே வயிறு நோகும் பிள்ளையும் வேண்டுவது மருந்தைவிட, பொறுமையோடு கேட்டுக்கொள்ளும் ஒரு பெரியவரை.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். முற்பகல் இடைவேளையில் டிபன் பெட்டியைத் திறக்கும் மாணவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். காலை ஏழு மணிச் சிறப்பு வகுப்பை நடத்துவோர், நடுவில் பத்து நிமிஷம் உண்பதற்கென்று ஒதுக்குங்கள். பெற்றோருக்கோ சொல்லத்தக்கது இன்னும் எளியது: இன்றிரவு ஒருமணி முன்னதாகச் சாப்பாடு போடுங்கள், நாளைக் காலை முழுத் தட்டை வைக்காமல் அரைத் தம்ளர் நொய்க்கஞ்சியை ஆற்றிக் கொடுங்கள், மீதியை டிபன் பெட்டியில் வைத்து அனுப்புங்கள், இரண்டு வாரம் இவ்வாறு செய்து பார்த்த பின்னும் குமட்டல் நீடித்தால், அரசு மருத்துவமனையில் காட்டுங்கள்.