சின்னஞ்சிறாரும் கிறிஸ்துமஸ் விளையாட்டுகளும்

திருவருகைக்காலம் தொடங்கியதுமே நம் பங்குகளில் வேலைகள் குவிந்துவிடுகின்றன. குடிலுக்கு வைக்கோல் தேடுகிறோம், ஸ்டார் கட்டுகிறோம், பாடகர் குழு பயிற்சிக்குக் கூடுகிறது. அதோடு சிறுவர் கிறிஸ்துமஸ் விழாவும் வருகிறது. இசை நாற்காலி, எலுமிச்சை கரண்டி ஓட்டம், சாக்கு ஓட்டம் எனப் போட்டிகள் வைக்கிறோம். மறைக்கல்விக்கு வரும் பெரிய பிள்ளைகள் மகிழ்ச்சியோடு விளையாடுகிறார்கள். ஆனால் பால்வாடிக்கும் மழலையர் பள்ளிக்கும் போகிற மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளையும் அதே வரிசையில் நிறுத்திவிடுகிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இசை நாற்காலியையே எடுத்துக்கொள்வோம். பாட்டு நிற்கிறது. நான்கு வயதுக் குழந்தைக்கு நாற்காலி கிடைக்கவில்லை. "நீ அவுட், வெளியே போ" என்கிறோம். தான் என்ன தவறு செய்தோம் என்று அதற்குப் புரிவதில்லை, அழுகிறது. "அடுத்த வருஷம் ஜெயிக்கலாம்" என்று தேற்றுகிறோம். அடுத்த வருடம் என்பது அந்த வயதுக்கு எட்டாத தொலைவு அல்லவா? விடுதியில் இடம் கிடைக்காத ஒரு குடும்பத்தை நினைவுகூரும் விழாவில், ஒரு குழந்தையைப் பார்த்து உனக்கு இடமில்லை என்று சொல்லி அனுப்புவது பொருந்துமா என்று நாம் சிந்திக்க வேண்டும்.

குழந்தைகள் எவ்வாறு விளையாடுகிறார்கள்?

அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன், மழலையர் பள்ளிக் குழந்தைகளைக் கவனித்து 1932ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். குழந்தை தனியாக விளையாடும். பிறர் விளையாடுவதை வேடிக்கை பார்க்கும். இன்னொரு குழந்தையின் அருகில் உட்கார்ந்து, அதனோடு சேராமலே விளையாடும். பிறகு கலந்து பழகும். அதன்பின்தான் ஒரே நோக்கத்தோடு கூடி விளையாடும் என்று அவர் பிரித்துக் காட்டினார். எனவே மூன்று வயதுக் குழந்தை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தால், அதைப் பிடிவாதம் என்று எண்ண வேண்டாம். பார்ப்பதும் பங்கேற்பதே. கையைப் பிடித்து இழுக்காமல் விட்டால், இரண்டாம் சுற்றிலோ மூன்றாம் சுற்றிலோ தானாகவே வந்து சேரக்கூடும்.

விளையாட்டை நேரப்போக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. ஐ.நா. அவை 1989இல் ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, தன் 31ஆம் பிரிவில் விளையாட்டைக் குழந்தையின் உரிமையாகக் கூறுகிறது. விவிலியமும் அதை அறிந்திருக்கிறது. மீண்டும் கட்டியெழுப்பப்படும் எருசலேமைப் பற்றிப் பேசும்போது, அதன் தெருக்களில் சிறுவரும் சிறுமியரும் விளையாடுவதையே இறை ஆசியின் அடையாளமாக இறைவாக்கினர் செக்கரியா காண்கிறார் (செக் 8). சந்தையில் விளையாடும் பிள்ளைகளையும், அவர்களோடு சேர மறுக்கும் பிள்ளைகளையும் இயேசு உவமையாக்கினார் (மத் 11). தெருவில் ஆடும் குழந்தைகளை அவர் நின்று கவனித்திருக்கிறார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1223ஆம் ஆண்டு புனித பிரான்சிஸ் அசிசியார், இத்தாலியின் கிரேச்சோ ஊரில் வைக்கோலும் தீவனத் தொட்டியும் வைத்து, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடினார். காதால் கேட்டதைக் கண்ணால் காண வேண்டும் என்பது அவரது ஆவல். குழந்தைகள் இன்னும் ஒரு படி மேலே போய், காலால் நடந்தும் கையால் தொட்டும் புரிந்துகொள்கிறார்கள்.

சில எளிய விளையாட்டுகள்

எல்லாருக்கும் இடம்: பத்துக் குழந்தைகளுக்கு நான்கைந்து பாய்கள் விரிப்போம். பாட்டு நின்றதும் எல்லாரும் ஏதாவது ஒரு பாயில் ஏறிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பாயை எடுப்போம். ஆனால் எந்தக் குழந்தையையும் வெளியேற்ற மாட்டோம். கடைசியில் ஒரே பாயில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அனைவரும் நிற்பார்கள். அந்தக் கடைசிப் பாய் பெரியதாக இருக்கட்டும்.

ஆட்டுக்குட்டி தேடல்: எத்தனை குழந்தைகளோ அத்தனை அட்டை ஆட்டுக்குட்டிகளை வெட்டி, கண்ணில் படும்படியாகவே ஒளித்து வைப்போம். ஆளுக்கு ஒன்றுதான் எடுக்க வேண்டும். தனக்குக் கிடைத்தவர் கிடைக்காதவருக்குத் தேடிக்கொடுக்க வேண்டும். எல்லாக் குட்டிகளும் குடிலுக்கு வந்தால்தான் விளையாட்டு முடியும். காணாமற்போன ஆட்டின் உவமைக்கு இதைவிட எளிய விளக்கவுரை இல்லை!

நட்சத்திரம் எங்கே: ஒரு காகித நட்சத்திரத்தை ஒரு குழந்தை தேடும். அது அருகில் போகும்போது மற்றவர்கள் பலமாகக் கைதட்டுவார்கள். விலகும்போது மெதுவாகத் தட்டுவார்கள். தேடுபவர் வெல்ல எல்லாரும் உதவுகிறார்கள்.

கதவைத் தட்டுதல்: மெக்சிகோ நாட்டில் டிசம்பர் 16 முதல் 24 வரை 'போசாதாஸ்' என்னும் வழக்கம் உண்டு. மக்கள் சூசையும் மரியாவும் போல வீடு வீடாக இடம் கேட்டுப் போவார்கள். மறுக்கப்பட்டு, கடைசி வீட்டில் வரவேற்கப்படுவார்கள். நாமும் மூன்று சேலைகளைக் கதவாகப் பிடித்துக்கொள்ளலாம். முதல் இரண்டு கதவுகளில் "இடமில்லை" என்ற பதில் வரும். மூன்றாவது கதவு திறக்கும். மறுத்தவர்களையும் அழைத்துக்கொண்டு எல்லாரும் உள்ளே போவார்கள். உள்ளே ஆளுக்கொரு துண்டு கேக் காத்திருக்கட்டும்.

கவனிக்க வேண்டியவை

ஒரு குழுவில் எட்டு, பத்துக் குழந்தைகள் போதும். ஒரு விளையாட்டுக்குப் பத்து நிமிடம் தாராளம். விதியை நீளமாகச் சொல்வதைவிட ஒருமுறை ஆடிக் காட்டுவதே மேல். மணிகள், பொத்தான்கள், புளியங்கொட்டை போன்ற சிறு பொருட்களை இந்த வயதினரிடம் தர வேண்டாம். வெடித்த பலூன் துண்டு தொண்டையில் சிக்கி மூச்சையே நிறுத்திவிடலாம். குடிலின் சீரியல் பல்பு ஒயரும் மெழுகுதிரியும் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். பரிசு கொடுப்பதானால் எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுப்போம்.

நம் மழலையர் பள்ளிகளுக்குப் பிற சமயக் குழந்தைகளும் வருகிறார்கள். நட்சத்திரம் தேடுவதும் ஆட்டுக்குட்டியைக் கண்டுபிடிப்பதும் அவர்களுக்கும் சொந்தமான மகிழ்ச்சியே. அவர்களின் பெற்றோரையும் அழைத்து, கைதட்டச் சொல்வோம்.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாள்தோறும் 3 மணி நேரமாவது உடலை அசைத்து இயங்க வேண்டும், திரைமுன் அமர்வது 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டியது. அன்புப் பெற்றோரே, விடுமுறை நாளில் கைப்பேசியைக் கொடுத்துக் குழந்தையை அமைதிப்படுத்துவது எளிதுதான். ஆனால் பாய் விரிக்கவும் சேலை பிடிக்கவும் வேண்டிய அரை மணி நேரத்தை அவர்களுக்குத் தருவோம். தாத்தா பாட்டியரையும் அன்பிய உறுப்பினர்களையும் சேர்த்துக்கொள்வோம். நமக்கு இடம் இருந்தது என்ற நினைவோடு ஒவ்வொரு குழந்தையும் வீடு திரும்பட்டும். குழந்தைகளை அரவணைத்து ஆசி வழங்கிய இயேசு, அவர்களோடு விளையாட நமக்குப் பொறுமையையும் தருவாராக.