நிழலைப் பார்த்துத் திசை சொல்லும் ஸ்விஃப்ட்

சோவியத் நாடு ரகசியமாக அணுகுண்டுச் சோதனை நடத்துகிறதா என்று கண்காணிக்க அமெரிக்கா வேலா செயற்கைக்கோள்களை அனுப்பியிருந்தது. 1967 ஜூலை 2 அன்று அவற்றில் ஒரு காமா கதிர்வீச்சு பதிவானது. அணுகுண்டின் சாயலே அதில் இல்லை. இப்படிப் பல பதிவுகள் சேர்ந்த பிறகு, கதிர் ஒவ்வொரு செயற்கைக்கோளையும் எட்டிய நேரத்தை லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தினர் ஒப்பிட்டார்கள். அது பூமியிலிருந்தும் வரவில்லை, சூரியனிலிருந்தும் வரவில்லை. 1973-இல் இதை உலகுக்கு அறிவித்தார்கள்.

சரி, பிறகு எங்கிருந்துதான் வந்தது? முப்பது ஆண்டுகள் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இந்தக் கதிரை வீசும் வெடிப்புகளில் சில இரண்டு நொடிக்குள் அடங்கிவிடும். போதாக்குறைக்கு, சாதாரணத் தொலைநோக்கிக் கண்ணாடியால் காமா கதிரைக் குவிக்கவும் முடியாது. 1997-இல் பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள், வெடிப்புக்குப் பின் எஞ்சும் எக்ஸ் கதிர் ஒளியைப் பிடித்த பிறகே, இவை பல நூறு கோடி ஒளியாண்டுத் தொலைவில் நிகழ்பவை என்பது தெளிவானது.

2004 நவம்பர் 20 அன்று நாசா ஏவிய ஸ்விஃப்ட் செயற்கைக்கோள், கதிரைக் குவிக்க முயலாமல் அதன் நிழலைப் படிக்கிறது. வெயில் சாயச் சாய ஜன்னல் கம்பியின் நிழல் தரையில் நகர்வதைப் பார்த்தே சூரியன் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதே கணக்குத்தான். ஸ்விஃப்டின் மேல்தட்டில் சுமார் 52,000 ஈயத் துண்டுகள் உள்ளன. ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டர் சதுரம், 1 மில்லிமீட்டர் கனம். வேண்டுமென்றே ஒழுங்கில்லாமல் இடைவெளி விட்டு அவற்றைப் பதித்திருக்கிறார்கள். ஒழுங்காக அடுக்கினால் வெவ்வேறு திசைகளின் நிழல்கள் ஒன்றுபோலவே விழுந்து குழப்பிவிடும். ஒரு மீட்டர் கீழே 32,768 உணரிகள். எவற்றில் கதிர் பட்டது, எவற்றில் நிழல் விழுந்தது என்று உள்ளிருக்கும் கணினி பார்த்து, முழுநிலவின் விட்டத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு துல்லியத்தோடு இடத்தைச் சொல்லிவிடும்.

அதைவிடப் பெரிய கெட்டிக்காரத்தனம் அடுத்து நடப்பது. தரையிலிருந்து கட்டளை வரும் என்று காத்திராமல் ஸ்விஃப்ட் தானே அந்தத் திசைக்குத் திரும்பி, எக்ஸ் கதிர், புறஊதாத் தொலைநோக்கிகளைப் பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் குறிவைத்துவிடுகிறது. 2009 ஏப்ரல் 23 அன்று இப்படிப் பிடித்த ஒரு வெடிப்பின் ஒளி, சுமார் 1,300 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்தது.

ஆனால் ஸ்விஃப்ட் ஒரு நேரத்தில் வானத்தின் ஆறில் ஒரு பங்கைத்தான் பார்க்கும். பரந்த பார்வைக்கு ஃபெர்மி என்ற செயற்கைக்கோள் இருக்கிறது. இடம் சொல்வதில் அதற்கு அவ்வளவு துல்லியம் இல்லை. 2017 ஆகஸ்ட் 17 அன்று, இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதால் எழுந்த ஈர்ப்பலை ஒன்று பதிவாகி 1.7 நொடியில் ஃபெர்மியும் ஒரு வெடிப்பைக் கண்டது. லைகோ, விர்கோ ஈர்ப்பலைக் கருவிகள் தேட வேண்டிய பகுதியைச் சுருக்கிக் கொடுக்க, சிலி நாட்டிலுள்ள ஒரு தொலைநோக்கி 11 மணி நேரத்துக்குள் இடத்தைக் கண்டுபிடித்தது: 13 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள என்ஜிசி 4993 விண்மீன் மண்டலம். இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதினால் குறுகிய காமா வெடிப்பு உண்டாகும் என்பது அன்றுதான் நேரடியாக நிரூபணமானது.