நாள்தோறும் பேணும் மனநலம்

நுழையும்முன்

காலில் முள் தைத்தால் உடனே அதை நீக்குகிறோம். மனத்தில் தைத்ததைப் பிறரிடம் சொல்லவும் தயங்குகிறோம். உடல்நலத்தைப் போலவே மனநலமும் அன்றாடப் பழக்கங்களால் காக்கப்படுவது. அப்பழக்கங்களையும் அவற்றின் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தடம்புரண்ட இரவு

2024ஆம் ஆண்டு அக்டோபர் 11. மைசூரிலிருந்து தர்பங்கா நோக்கிச் சென்ற பாக்மதி விரைவுத் தொடர்வண்டி, இரவு எட்டரை மணியளவில் திருவள்ளூர் மாவட்டம் கவரைப்பேட்டை நிலையத்தில் நின்றிருந்த சரக்குத் தொடர்வண்டியின்மீது மோதியது. பெட்டிகள் பல தடம்புரண்டன. பயணிகள் சிலர் காயமுற்றனர், உயிரிழப்பு நேரவில்லை.

உயிர் தப்பியது பெரும் ஆறுதலே. எனினும், இத்தகைய விபத்தில் சிக்கியவர்க்கும் அதை நேரில் கண்டவர்க்கும் சில நாள்கள் உறக்கம் கெடலாம். சிறு ஓசைக்கும் உடல் நடுங்கலாம். கண்ட காட்சி மீண்டும் மீண்டும் மனத்தில் தோன்றலாம். இது கோழைத்தனமன்று, அதிர்ச்சிக்கு மனம் காட்டும் இயல்பான எதிர்வினை. பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் இது தணிந்துவிடும். ஒரு மாதத்திற்கு மேலும் நீடித்து அன்றாடப் பணிகளைத் தடுக்குமாயின் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

விபத்து என்றோ நிகழ்வது. ஆனால், மனத்தை அழுத்தும் சிறு சுமைகள் நாள்தோறும் சேர்கின்றன. இருப்புப்பாதையை விபத்துக்குப் பின் மட்டும் சோதிப்பதில்லை. பணியாளர்கள் நாள்தோறும் நடந்து சென்று பார்வையிடுகின்றனர். மனத்திற்கும் அத்தகைய அன்றாடக் கவனம் தேவை.

உறக்கம் என்னும் அடித்தளம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த ஊர்களில் முறைப்பணிக்குச் செல்வோர் பலர். தந்தை இரவுப்பணி முடிந்து வீடு திரும்பும் வேளையில் மகள் பள்ளிக்குப் புறப்படுவாள். நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் இயங்குகிறது. ஒளியைக் கண்டு விழிப்பையும் இருளைக் கண்டு உறக்கத்தையும் அது ஒழுங்குபடுத்துகிறது. இக்கடிகாரம் இயங்கும் முறையைக் கண்டறிந்த அமெரிக்க அறிவியலாளர் மூவர் 2017ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு பெற்றனர்.

இரவுப்பணி இக்கடிகாரத்தோடு முரண்படுகிறது. ஆதலால், பகலில் உறங்குவோரின் அறையை இருளாக்குவதும் ஓசையைக் குறைப்பதும் குடும்பத்தார் செய்யக்கூடிய உதவிகள். வளரிளம் பருவத்தினர்க்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. படித்தவற்றை மூளை நினைவில் பதிப்பதற்கும் உறக்கம் துணைபுரிகிறது. எனவே, தேர்வுக்காக உறக்கத்தைத் துறப்பது பயனைக் குறைக்கும். படுக்கைக்குச் செல்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே கைப்பேசியை விலக்கி வைத்தல் நன்று.

உடலின் உழைப்பு

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்களேனும் உடலை இயக்குதல் வேண்டும் என உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. உடலியக்கம் பதற்றத்தைத் தணிக்கும், உறக்கத்தையும் சீராக்கும். இதற்கெனப் பொருட்செலவு வேண்டியதில்லை. பதினொன்றாம் வகுப்பில் அரசு வழங்கும் மிதிவண்டியில் பள்ளிக்கு வந்து செல்வதும், மாலையில் தோழர்களோடு விளையாடுவதும் இதற்கு உதவும்.

சொல்லும் செவியும்

உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்றார் தொல்காப்பியர். அவர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளுள் உவகை மட்டுமன்றி அழுகையும் அச்சமும் உண்டு. அவற்றை மனித இயல்பாகவே நம் மரபு ஏற்றது. “ஆண்பிள்ளை அழலாமா?” என்னும் கேள்வி அம்மரபுக்கு ஒவ்வாதது.

‘மனம் சரியில்லை’ என்பதோடு நில்லாமல், அது அச்சமா, சினமா, ஏமாற்றமா எனப் பெயரிட்டு நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லுதல் சுமையைக் குறைக்கும். கேட்பவரும் உடனே அறிவுரை கூறாமல் முழுமையாகக் கேட்டல் வேண்டும். நாளொன்றுக்கு ஒரு வேளையேனும் குடும்பத்தார் கைப்பேசியின்றிச் சேர்ந்து உண்பது இதற்கு நல்ல வாய்ப்பாகும்.

உதவி கேட்பதும் பழக்கமே

நற்பழக்கங்கள் மருத்துவத்திற்கு மாற்றல்ல. வறுமை, வன்முறை, ஓய்வற்ற பணி ஆகியவற்றால் விளையும் துன்பத்தை உறக்கமும் உடற்பயிற்சியும் மட்டும் தீர்த்துவிடா. துயரமோ ஆர்வமின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் மனநல மருத்துவரை அணுகுதல் வேண்டும். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் காத்திருத்தல் கூடாது. பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ உடனே சொல்லுதல் வேண்டும். 14416 என்னும் ‘டெலி மானஸ்’ கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். மனநல மருத்துவம் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அறிவித்துள்ளது.

இன்று வகுப்பில் வழக்கத்திற்கு மாறாக ஒரு தோழர் அமைதியாக அமர்ந்திருக்கலாம். “என்ன ஆயிற்று?” என்று கேட்டு, அவர் விடை சொல்லும்வரை அருகில் அமர்ந்திருப்பதும் மனநலம் காக்கும் செயலே.

தெரிந்துகொள்வோம்

மருத்துவர் சாரதா மேனன் இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படுபவர். சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பணியாற்றினார். மனச்சிதைவு நோய்க்கான ஆராய்ச்சி நிறுவனத்தை 1984ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கினார். 1992ஆம் ஆண்டு பத்மபூஷண் விருது பெற்றார்.