நியாயம் பேசுவோம் – 9: பால் வந்தால் ரப்பர் மரமா?

பெஸ்தாரி ஜெயாவை இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்கிற வீட்டுப் பிள்ளைகள். சனிக்கிழமை காலை கணக்கு டியூஷன். படிவம் 4 கணிதத்தின் மூன்றாவது பாடம், 'பெனாக்குலான் லோஜிக்', அதாவது தருக்கம். பலகையில் எழுதினேன்:

எல்லா ரப்பர் மரமும் பால் தரும். இந்த மரம் பால் தருகிறது. ஆகவே, இது ரப்பர் மரம்.

சரியா, தப்பா? பாதி வகுப்பு சரி என்றது. தாத்தா காலமெல்லாம் பால்மரம் சீவியவர் என்கிற ஒரு பையன் மட்டும் கை தூக்கினான்.

"சார், எங்க வீட்டுப் பின்னால எருக்கு இருக்கு. கிள்ளுனா அதுலயும் பால் வரும்."

"எருக்கு செடிடா, மரமா?" என்று முன் வரிசைப் பிள்ளை மடக்கினாள்.

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப பலா?"

ஒரு பலா மரம் போதும், வாதம் சாய்ந்துவிட்டது. ரப்பர் மரத்திலிருந்து பாலுக்குப் போகலாம். பாலைப் பிடித்துக்கொண்டு ரப்பர் மரத்துக்குத் திரும்பி வர வழியில்லை. இப்படித் திருப்பிப் போட்ட கூற்றைத்தான் பாடநூல் 'அகாஸ்' என்கிறது. மூலக்கூற்று உண்மை என்பதால் அகாஸும் உண்மையாகிவிடாது.

பிள்ளைகள் அதிகம் இடறுவது இன்னோர் இடத்தில். எல்லா மீனும் மரம் ஏறும். கெளுத்தி ஒரு மீன். ஆகவே கெளுத்தி மரம் ஏறும். இதைத் தப்பு என்று எழுதி மதிப்பெண்ணை விடுகிறார்கள். முதல் வரி பொய்தான். ஆனால் அதை ஒப்புக்கொண்டால் முடிவையும் ஒப்புக்கொண்டே தீர வேண்டும். அதனால் வாதம் 'சாஹ்' (முடிச்சு சரி), ஆனால் 'முனாசபாஹ்' இல்லை (முதல் வரி உண்மையில்லை). (பனையேறிக் கெண்டையைத் தெரிந்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.) கேள்வி கேட்பது உலகத்தைப் பற்றி அல்ல, இரண்டு வரிகளுக்கு இடையே உள்ள முடிச்சைப் பற்றி.

இதெல்லாம் வெள்ளைக்காரன் பாடம் என்று நினைப்பவர்கள் மணிமேகலையின் 29ஆம் காதையைப் புரட்டலாம். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லித் தருவது இதைத்தான். பக்கப் போலி, ஏதுப் போலி, எடுத்துக்காட்டுப் போலி என்று பொய்யான வாதங்களை வகை பிரித்து அடுக்குகிறார். அங்கே வரும் உதாரணம், புகை இருப்பதால் இந்த மலையில் நெருப்பு உண்டு, அடுக்களையில் போல என்பது. அதிலேயே ஓர் எச்சரிக்கையும் உண்டு. தெரிவது புகையா, ஆவியா, பனியா என்ற ஐயம் தீராதபோதே நெருப்பு என்று துணிந்தால் அது ஏதுப் போலி. விடியற்காலையில் தோட்டத்தில் வரிசை வரிசையாகப் பனி இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஐயம் புதிதில்லை.

புகை என்றால் நமக்கு 2005தான் நினைவுக்கு வரும். அந்த ஆகஸ்ட் 11ஆம் தேதி காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி, கோல சிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் புகைமூட்ட அவசரநிலை அறிவிக்கப்பட்டது. கண்ணெல்லாம் எரிச்சல். 'இவ்வளவு புகை, ஆகவே இங்கேதான் பெருந்தீ' என்று தேடப் போயிருந்தால் ஏமாந்திருப்போம். தீ பெரும்பாலும் கடலுக்கு அந்தப் பக்கம், சுமத்ராவில். அதற்காக, கொழுந்து தெரியவில்லை, ஆகவே தீ இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ராஜா மூசா வனத்தில் கரிமண் பற்றிக்கொண்டால் மண்ணுக்கு அடியிலேயே நாள் கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மேலே நிற்பவனுக்குப் புகை மட்டும் தெரியும்.

இந்த வாரக் கணக்கு, கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் படகு ஏறுபவர்களுக்கு. 'பெரெம்பாங் மரம் இல்லாத கரையில் மின்மினிக் கூட்டம் இராது. இந்தக் கரையில் பெரெம்பாங் நிறைய நிற்கிறது. ஆகவே இங்கே மின்மினிக் கூட்டம் இருக்கும்.' முதல் இரண்டு வரிகளையும் உண்மை என்றே வைத்துக்கொள்ளுங்கள். முடிச்சு எங்கே அவிழ்கிறது? ஒரே வாக்கியத்தில் எழுதி அனுப்புங்கள்; விடை அடுத்த வாரம்.